குங்குமப்பூவும் காந்தளும்: பெயர் அலைந்த பூவும் பெயர் நிலைத்த பூவும்

முன்னுரை

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பூப்பெயர்களை விளக்குவது எளிய பணியன்று. பூவைக் கண்ட மாணவனுக்கு ஒரு சொல்லே போதும். காணாதவனுக்குப் பத்து வரி உரையும் போதாது. கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் பண்டார் பாரு வட்டாரத்து மாணவர் ரப்பரையும் செம்பனையையும் நன்கறிவர். குங்குமப்பூவை அவர்கள் அறிவது மளிகைக் கடையில் விற்கும் சிறு கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கும் சிவந்த இழைகளாக மட்டுமே. அது எச்செடியின் எவ்வுறுப்பு என்பது பலருக்கும் தெரிவதில்லை. 'குங்குமம்' என்றவுடன் நெற்றியில் இடும் பொடியே அவர்தம் நினைவுக்கு வரும்.

இந்நிலை இம்மாணவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் கூறு நல்லுலகம் முழுமையும் குங்குமப்பூவைச் செடியாகக் காணாது, உலர்ந்த சரக்காகவே பெற்று வந்துள்ளது. அதனால் அப்பெயர் பல பொருள்களின்மீது ஏறியது. அதே வேளையில், ஐரோப்பியர் 'இலையுதிர்காலக் குரோக்கஸ்' எனத் தவறாக அழைக்கும் நச்சுச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த காந்தளைத் தமிழர் தம் மலையிலேயே கண்டு, அதன் பெயரை ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்துள்ளனர். இவ்விரு பூக்களின் வரலாற்றை ஒப்பிட்டு, செடியை இனங்காண்பதற்கும் சொல்லின் பொருள் நிலைப்பதற்கும் உள்ள தொடர்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலையுதிர்காலத்தில் பூக்கும் குரோக்கஸ்

குரோக்கஸ் என்பது ஐரிடேசியே குடும்பத்தைச் சேர்ந்த பேரினம். நிலத்தடியில் சிறு வெங்காயம் போன்ற தண்டுக்கிழங்கைக் கொண்ட குறுஞ்செடி அது. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் தென் ஐரோப்பா முதல் நடு ஆசியா வரை பரவியுள்ளன. பெரும்பாலானவை பனி உருகும் வசந்தத்தில் பூப்பவை. ஒரு பகுதி மட்டும் கோடை முடிந்து குளிர் தொடங்கும் வேளையில் பூக்கும். குங்குமப்பூவைத் தரும் குரோக்கஸ் சட்டைவஸ் இப்பிரிவைச் சார்ந்தது. காசுமீரத்தின் பாம்பூர் மேட்டு நிலங்களில் அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும், தமிழ் மாதக் கணக்கில் ஐப்பசியில், அது பூக்கிறது.

இச்செடியின் ஆண்டுச் சுழற்சி தமிழ்நாட்டு உழவர் அறிந்த பயிர்களின் போக்கிற்கு முற்றும் மாறானது. ஏனைய செடிகள் தழைக்கும் கோடையில் இது இலையின்றி மண்ணுக்குள் உறங்கும். அவ்வுறக்கத்தின்போதே கிழங்கினுள் பூமொட்டு உருவாகிறது. அதற்கு ஏறத்தாழ 23 முதல் 27 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வெப்பம் 17 பாகைக்குக் கீழ் இறங்கினால்தான் அம்மொட்டு மண்ணைப் பிளந்து வெளிவரும். பூவுடனோ பூவை அடுத்தோ தோன்றும் புல் போன்ற இலைகள் குளிர்காலம் முழுதும் நின்று உணவு சேர்க்கும். தாய்க்கிழங்கு சுருங்கி அழிய, அதன்மேல் சேய்க்கிழங்குகள் உருவாகும். கோடை இறுதியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கிழங்குகளை நடுவர். நீர் தேங்கா நிலம் இன்றியமையாதது. ஈரம் நின்றால் கிழங்கு அழுகும்.

ஆண்டு முழுதும் வெம்மையும் மழையும் நிறைந்த கெடாவின் திறந்தவெளியில் இப்பூ ஏன் மலராது என்பதற்கு இதுவே விடை. மொட்டுக் கட்டுதற்கு வேண்டிய வெப்பம் இங்குண்டு; மொட்டு மலர்தற்கு வேண்டிய குளிரும் கிழங்கு உறங்குதற்கு வேண்டிய வறட்சியும் இல்லை. தமிழகத்துச் சமவெளிக்கும் இது பொருந்தும்.

குங்குமப்பூச் செடிக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. அது விதை தராது. அதன் உயிரணுக்களில் 24 குரோமோசோம்கள் எட்டெட்டாக மூன்று தொகுதிகளாய் உள்ளன. இம்மும்மடி அமைப்பு விதை உருவாவதைத் தடுக்கிறது. கிரேக்க நாட்டில் இயல்பாக வளரும் குரோக்கஸ் கார்ட்ரைட்டியானஸ் என்னும் இனத்திலிருந்தே இது தோன்றியது என்பதை 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கிரேக்கத் தீவான சாந்தோரினியின் அக்ரோத்திரியில், ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட சுவரோவியங்களில் மகளிர் இவ்வகைப் பூவைப் பறிக்கும் காட்சி காணப்படுகிறது. விதையில்லாச் செடி தானாகப் பரவாது. கிரேக்கத்திலிருந்து பாரசீகத்திற்கும் காசுமீரத்திற்கும் அதன் கிழங்கை மனிதரே சுமந்து சென்றிருத்தல் வேண்டும். அக்கிழங்கு விந்தியத்தைக் கடந்து வேரூன்றவில்லை. உலர்ந்த இழை மட்டுமே தெற்கே வந்தது.

அவ்விழை பூவின் சூலகமுடியாகும். ஒரு பூவில் மூன்று கிளைகளே உண்டு. ஒரு கிலோ உலர்ந்த இழைக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்கள் வேண்டும். விடியலில் பூ முழுதும் விரியும் முன்னர்ப் பறித்து, அன்றே இழையைப் பிரித்து உலர்த்துவர். அதன் விலை உயர்வுக்கும், விலை உயர்வினால் தோன்றிய கலப்படத்திற்கும் காரணம் இதுவே.

இனங்களை வேறுபடுத்தும் அடையாளங்கள்

இலையுதிர்காலக் குரோக்கஸ் இனங்கள் பெரும்பாலும் ஊதா நிறத்தன. நிறத்தைக் கொண்டு அவற்றை இனங்காண முற்படுவது பயன்தராது. தாவரவியலார் சூலகமுடியின் பிளவு, மகரந்தப்பையின் நிறம், பூக்கழுத்தின் உட்புறம், கிழங்கின் மேல்தோல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பர்.

குரோக்கஸ் சட்டைவஸின் சூலகமுடி மூன்று நீண்ட கருஞ்சிவப்புக் கிளைகளாய் இதழ்களுக்கு இடையே வெளியே தொங்கும்; மகரந்தப்பை மஞ்சள்; கிழங்கின் தோல் மெல்லிய நார்வலை. துருக்கியிலும் காக்கசஸ் பகுதியிலும் வளரும் குரோக்கஸ் ஸ்பீசியோசஸில் சூலகமுடி எண்ணற்ற செம்மஞ்சள் நூல்களாகப் பிரியும். கிழங்குத்தோல் அடியில் வளையங்களாகக் கழலும். குரோக்கஸ் கோட்சியானஸின் இதழ்களின் அடியில் மஞ்சள் புள்ளிகள் விளங்கும், மகரந்தப்பை வெண்மையானது. ருமேனியப் பகுதிக்குரிய குரோக்கஸ் பனாட்டிகஸில் புற இதழ் மூன்றும் பெரியனவாகவும் அக இதழ் மூன்றும் சிறியனவாகவும் அமையும். தென்மேற்குப் பிரான்சிலும் வட ஸ்பெயினிலும் வளரும் குரோக்கஸ் நியூடிஃபுளோரஸ் இலை தோன்றுமுன் பூத்து, நிலத்தடி ஓடுதண்டால் பரவும்.

இவை எல்லாவற்றிற்கும் பொதுவானது ஒன்றுண்டு. குரோக்கஸ் எதுவாயினும் மகரந்தத்தாள் மூன்றே இருக்கும். பெரும்பாலான இனங்களில் இலையின் நடுவே வெண்கோடு ஓடும்.

குரோக்கஸ் அல்லாத 'குரோக்கஸ்'

ஐரோப்பியப் பேச்சுவழக்கில் 'இலையுதிர்காலக் குரோக்கஸ்' எனப்படுவது பெரும்பாலும் கோல்சிகம் ஓட்டம்னாலே என்னும் வேறொரு செடியையே குறிக்கும். அது கோல்சிகேசியே குடும்பத்தது. கருங்கடலின் கீழ்க்கரையில் இருந்த கோல்கிஸ் என்னும் பழைய நாட்டின் பெயரே அதற்கு இடப்பட்டது. அதுவும் ஊதாநிறப் பூவை இலையின்றி மண்ணிலிருந்து நேரே எழுப்பும். தொலைவிலிருந்து காண்பார்க்கு இரண்டும் ஒன்றே. எனினும் கோல்சிகத்தில் மகரந்தத்தாள்கள் ஆறு. சூல்தண்டுகள் அடியிலிருந்தே மூன்றாகத் தனித்து நிற்கும். அடுத்த வசந்தத்தில் வெளிவரும் அதன் அகன்ற இலைகளைக் காட்டுப்பூண்டின் இலை எனக் கருதி உண்டு ஐரோப்பாவில் உயிரிழந்தோர் உண்டு.

அந்நஞ்சின் பெயர் கோல்சிசின். பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் 1820ஆம் ஆண்டு அதனைப் பிரித்தெடுத்தனர். மூட்டுவாத வகைகளுள் ஒன்றான கவுட் நோய்க்கு அது இன்றும் மருந்தாகிறது. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. உயிரணுப் பிரிவைத் தடுக்கும் அதன் ஆற்றலால் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கலாம் என்பது 1937இல் வெளிப்பட்டது. அவ்வழியைப் பின்பற்றி ஜப்பானிய அறிஞர் கிஹாரா விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கினார். இன்று மலேசியச் சந்தைகளில் விற்கும் விதையில்லாத் தர்பூசணியும் குங்குமப்பூச் செடியைப் போல ஒரு மும்மடிச் செடியின் விளைவே. குங்குமப்பூவில் இயற்கை செய்ததைத் தர்பூசணியில் கோல்சிசினின் துணைகொண்டு மனிதர் செய்தனர்.

தமிழ் நிலத்துக் காந்தள்

கோல்சிகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த செடி ஒன்று தமிழர்க்கு மிகப் பழக்கமானது. அதுவே காந்தள்; தாவரவியற் பெயர் குளோரியோசா சுபெர்பா. அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதே கோல்சிசின். ஆறு இதழ்களும் ஆறு மகரந்தத்தாள்களும் கோல்சிக உறவைக் காட்டும். இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு புதரைப் பற்றும். நெளிந்த இதழ்கள் மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும். சூல்தண்டு ஒருபுறமாக மடிந்து நிற்கும். இவ்வளவு தனித்த உருவம் கொண்ட பூவை வேறொன்றாக மயங்குவது அரிது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் முதலில் நிற்பது செங்காந்தளே. முருகனைப் பாடும் திருமுருகாற்றுப்படை அவனுக்குக் காந்தட் கண்ணியைச் சூட்டுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் வேலனின் வெறியாட்டைச் சார்ந்த துறைக்குக் காந்தள் என்றே பெயரிடுகிறது. சங்கப் பாடல்கள் அதனை மகளிர் விரலுக்கும் பாம்பின் படத்திற்கும் உவமை கூறும். அப்பூவில் தாதூதும் தும்பியைப் பாம்பு உமிழ்ந்த மணியாகக் காணும் குறுந்தொகைப் பாடலும் உண்டு. இவை யாவும் செடியை அருகிருந்து கண்டோர் கூற்றுகள் என்பதில் ஐயமில்லை.

காந்தள் தொடர்பாகவும் சிக்கல் இல்லாமல் இல்லை. குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலிலேயே காந்தளுடன் தோன்றியும் கோடலும் தனித்தனியே இடம்பெறுகின்றன. தோன்றியைச் செங்காந்தள் வகையாகவும் கோடலை வெண்காந்தளாகவும் உரையாசிரியர் கொள்வர். ஆயினும் இவ்விவாதம் ஒரே செடிக் கூட்டத்தின் எல்லைக்குள் நிகழ்வது. மலையிலும் முல்லை நிலத்திலும் பூவை நேரில் கண்டு தீர்க்கத்தக்கது.

உழவர் வழக்கும் அவ்வாறே செடியிலிருந்து பிறந்தது. கலப்பை போலக் கிளைத்த கிழங்கைக் கண்டு கலப்பைக் கிழங்கு என்றனர். வடமொழியில் 'லாங்கலி' எனப்படுவதும் கலப்பையை ஒட்டிய பெயரே. கண்வலிக் கிழங்கு என்பது மற்றொரு வழக்கு. ஈழத்தமிழர் பூக்கும் மாதத்தால் கார்த்திகைப்பூ என்பர். மலாய், இந்தோனேசிய வழக்கில் கெம்பாங் சுங்சாங் என வழங்கும். 'சுங்சாங்' என்றால் தலைகீழ் என்று பொருள். இதழ்கள் பின்னோக்கி மடிந்த பூவின் தோற்றத்தை அப்பெயர் சுட்டுகிறது. பெயர்கள் பலவாயினும் ஒவ்வொன்றும் செடியின் ஓர் உறுப்பையோ பருவத்தையோ தொட்டு நிற்பது கருதத்தக்கது.

செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் அதுவே. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் ஆகிய பகுதிகளில் அதனைப் பயிரிட்டு, விதையை மருந்துத் தொழிலுக்கு அனுப்புகின்றனர். ஆடி, ஆவணியில் கிழங்கை நட்டுப் பந்தலோ வேலியோ அமைத்துக் கொடியை ஏற்றுவர். பூ மலர்ந்ததும் கையால் மகரந்தச் சேர்க்கை செய்வர். சூல்தண்டு மகரந்தத்தாள்களை விட்டு விலகி நிற்பதால் இயற்கையில் காய்ப்பு குறைவு. குங்குமப்பூ, காந்தள் இரண்டுமே மனிதர் கையை நாடி நிற்கும் பயிர்கள் எனலாம்.

குங்குமம் என்னும் சொல்லின் பயணம்

இனிக் குங்குமப்பூவின் பெயரைக் காண்போம். 'குங்குமம்' வடமொழிவழி வந்த சொல். அமரகோசம் அதற்குக் காசுமீரத்தில் பிறந்தது, பாக்லீக நாட்டினது எனப் பொருள்படும் பெயர்களைத் தருகிறது. அவை செடியின் உருவத்தைச் சுட்டாமல், சரக்கு வந்த நாட்டைச் சுட்டுகின்றன. அதே நிகண்டு குங்குமப்பூவை 'அக்கினிசிகம்' என்றும் காந்தளை 'அக்கினிசிகா' என்றும் குறிப்பது வியப்பளிக்கிறது. இரண்டிற்கும் தீச்சுடர் என்பதே அடிப்படை. ஒன்றன் இழையும் மற்றொன்றன் இதழும் சுடர் போன்றன என்னும் ஒப்புமையே இதற்குக் காரணமாகலாம். ஒன்று விலையுயர்ந்த மணப்பொருள். மற்றொன்று கொல்லும் நஞ்சு. பெயரை மட்டும் நம்பினால் நேரும் இடர் இதனால் விளங்கும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இராசதரங்கிணியை இயற்றிய கல்கணர் காசுமீரத்தின் சிறப்புகளுள் ஒன்றாகக் குங்குமப்பூவைச் சேர்க்கிறார். அக்பர் காலத்து அயினி அக்பரி பாம்பூர் வயல்களையும் பயிரிடும் முறையையும் விரித்துரைக்கிறது. அந்நூல்களின் ஆசிரியர் செடியை அறிந்தோர். தமிழ்க் காப்பியங்களில் குங்குமம் மார்பிலும் தோளிலும் பூசும் நறுஞ்சாந்தாக வருகிறது. சீவக சிந்தாமணியில் இவ்வழக்கு மிகுதி. அங்கே மணமும் நிறமும் போற்றப்படுகின்றன. கிழங்கோ வயலோ பேசப்படுவதில்லை.

செடியின் துணையற்ற சொல் நிறத்தைப் பற்றிக்கொண்டு பிற பொருள்களை நோக்கி நகர்ந்தது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். இவ்வியல்பைக் கொண்டு மஞ்சளையும் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளையும் சேர்த்துச் செய்த சிவந்த பொடி குங்குமம் என்னும் பெயரைப் பெற்றது. அப்பொருள் பெருவழக்காகவே, பழைய பொருளைக் குறிக்கக் 'குங்குமப்பூ' எனப் 'பூ' என்னும் சொல்லை ஒட்ட வேண்டியதாயிற்று.

இத்தகைய மயக்கம் பிற மொழிகளிலும் உண்டு. மஞ்சளின் தாவரவியற் பேரினப் பெயரான குர்க்குமா, அரபியின் 'குர்க்கும்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல் மஞ்சள், குங்குமப்பூ இரண்டையும் தொட்டு வழங்கியதாகும். ஐரோப்பிய வணிகர் மஞ்சளை 'இந்தியக் குங்குமப்பூ' என்றழைத்தனர். செந்துருக்கம் அல்லது குசும்பா எனப்படும் செடியின் பூவிதழும் மலிவான மாற்றாக விற்கப்பட்டது, இன்றும் விற்கப்படுகிறது.

கடாரக் கரையில் இரு சொற்கள்

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களுள் காழகத்தின் ஆக்கத்தையும் கூறுகிறது. நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்பர். அதுவே இன்றைய கெடா எனக் கொள்ளப்படுகிறது. பூசாங் பள்ளத்தாக்கின் அகழ்வுகளும், கடாரத்து அரசர் தொடர்பால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரமும், முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பும் இக்கடல்வழி உறவின் பழமையைக் காட்டுவன. இவ்வணிக உலகில் பொருள்களோடு சொற்களும் பயணம் செய்தன.

மலாய்மொழியில் குங்குமப்பூவுக்குப் பழைய பெயர் 'குமா குமா'. இது வடமொழிக் 'குங்கும' என்பதன் திரிபு. பழைய மலாய் இலக்கியங்களில் இது நறுமணப் பொருள்களுள் ஒன்றாக இடம்பெறும். குசும்பாவைக் குறிக்கும் வடமொழிக் 'குசும்ப' என்பதே மலாயில் 'கெசும்பா' ஆயிற்று. இன்று கெசும்பா என்றால் மலேசிய மக்கள் காட்டுவது சிவந்த முள்காயையும் சாயம் தரும் விதையையும் உடைய பிக்சா ஒரெல்லானா என்னும் மரத்தையே. அம்மரம் வெப்பமண்டல அமெரிக்காவுக்கு உரியது. கொலம்பசின் பயணத்திற்குப் பின்னரே ஆசியாவுக்கு வந்தது. ஆதலின் கெசும்பா என்னும் சொல் அம்மரத்தினும் மூத்தது என்பது தெளிவு. செந்துருக்கச் சாயத்தைக் குறித்த சொல், அதே நிறம் தந்த புதிய மரத்தின்மீது ஏறி, பின்னர் நிறப்பெயராகவும் நிலைத்தது. தமிழில் குங்குமத்திற்கு நேர்ந்ததே மலாயில் கெசும்பாவுக்கும் நேர்ந்துள்ளது. கெடா மாணவர்க்கு இச்சொல் வரலாற்றைக் கற்பிக்க இதனினும் அணித்தான சான்று வேண்டுவதில்லை.

வகுப்பறையும் வீடும்

இவ்வாராய்ச்சி சொல்லளவில் முடிவதன்று. காப்பியத்தில் குங்குமம் என வருமிடத்தில் நெற்றிப் பொடியைப் பொருளாக உரைத்தால் பாடலின் மணம் மறைகிறது. கடல் கடந்தும் மலை கடந்தும் வந்த அரும்பொருளைப் பூசிய செல்வச் செழிப்பும் மறைகிறது. ஆசிரியர் இடம் நோக்கி இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும்.

கடையில் வாங்கும் பொருளை இனங்காணவும் செடியறிவு உதவும். உண்மை இழையின் ஒரு முனை எக்காளம் போல் விரிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் இட்டால் பொன்மஞ்சள் நிறம் மெல்ல இறங்கும். இழை சிவப்பாகவே நிற்கும். இட்டவுடன் நீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயமேற்றியதாகும். செந்துருக்கமோ குழல் வடிவச் சிறு பூவாகத் தெரியும், மணம் இராது. இச்சோதனையை வகுப்பறையில் ஒரு கண்ணாடிக் குவளையிலேயே செய்து காட்டலாம்.

கருவுற்ற பெண் குங்குமப்பூப் பால் அருந்தினால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்னும் நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் பரவலாக உள்ளது. குழந்தையின் தோல்நிறம் மரபணுவால் அமைவது. இந்நம்பிக்கைக்கு அறிவியல் சான்று இல்லை. அளவு மீறிய குங்குமப்பூ கருவுக்கே தீங்காகலாம். கருநிறத்தைக் குறையாகக் கருதும் மனப்போக்கு இந்நம்பிக்கையின் அடியில் உள்ளதால், மாணவரிடம் இதனை வெளிப்படையாகப் பேசுதல் ஆசிரியர் கடனாகும்.

காந்தளைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு வகை எனக் கருதி உண்டு இறந்த நிகழ்வுகள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பள்ளித் தோட்டத்தில் இலக்கியப் பூவாக அதனை வளர்க்க விரும்புவோர் வேலியிட்டு, நச்சுச்செடி என எழுதி வைத்தே வளர்த்தல் வேண்டும். சங்கப் புலவர் போற்றிய அழகும் கோல்சிசினின் கொடுமையும் ஒரே கிழங்கிலிருந்து எழுவன என்பதை மாணவர் சேர்த்தே கற்கவேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து அறியப்படுவது இதுவே. காந்தளைத் தமிழர் வேரோடும் கிழங்கோடும் பருவத்தோடும் அறிந்தனர். அதனால் அதன் பெயர் கபிலர் காலம் முதல் மாநில மலர் அறிவிப்பு வரை பெரிதும் மாறாது வந்தது. குங்குமப்பூவை உலர்ந்த இழையாகவே பெற்றனர்; அதனால் அப்பெயர் மஞ்சட்பொடிக்கும் பிற சாயங்களுக்கும் சென்றது. மலாயில் கெசும்பாவின் வரலாறும் இவ்விதியையே உறுதிப்படுத்துகிறது.

நம் இலக்கியத்தில் வரும் பூக்களுள் எவை செடியாக அறியப்பட்டவை, எவை சரக்காக வந்தவை எனப் பகுத்து ஆராயும் பணி விரிவாகச் செய்யத்தக்கது. அகில், சந்தனம், கருப்பூரம் ஆகியவற்றுக்கும் இம்முறையைப் பொருத்திப் பார்க்கலாம். அவற்றுள் கருப்பூரமும் அகிலும் மலாய் உலகக் காடுகளில் விளைந்து தமிழகத்திற்குச் சென்றவை. தமிழகத்தார் சரக்காகக் கண்ட அவற்றை இந்நாட்டுத் தமிழர் செடியாகவும் மரமாகவும் காணும் வாய்ப்புடையோர். குங்குமப்பூ ஆராய்ச்சியில் நமக்கு வாய்க்காத அந்த நேரடிக் காட்சி அவ்வாராய்ச்சியில் நமக்கு வாய்க்கும். மலேசியத் தமிழாய்வாளர் அதனை மேற்கொள்வாராயின் உரை மரபிற்கே புதிய ஒளி கிட்டும்.